சஃபோக் வயலில் ஒரு ஞாயிறு: ஒரு வெள்ளிக் காசும் என் சொதப்பலும்

இப்ஸ்விச் சோழன் | ஞாயிறு, இரவு 9:40

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பானை நிறையப் பொன் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளிக் காசு ஒன்று. அதிலும் ஒரு சொதப்பல். அது கடைசியில்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். வாரம் முழுக்கப் பேருந்து ஓட்டுவார், ஞாயிறானால் மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமப் பக்கம் போய்விடுவார். "நீயும் வாவன் தம்பி, சும்மா வீட்டிலை படுத்துக் கிடக்காமல்" என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த ஞாயிறு மனைவி, குழந்தைகள் பிறந்தநாள் விழா ஒன்றுக்குப் போய்விட, எனக்கும் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இங்கே இதற்கான பருவம் இப்போதுதான். ஆகஸ்டில் கோதுமை அறுப்பு முடிந்துவிடும், இலையுதிர் காலத்தில் அடுத்த விதைப்பு. நடுவில் வயல் வெறும் தாளோடு கிடக்கும் சில வாரங்கள்தான் இவர்களுக்குத் தீபாவளி. கும்பகோணத்துக்காரனான எனக்கு அறுத்த வயலில் நடக்கக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். தப்பு. நம் நெல் தாள் மிதித்தால் மடங்கும். இந்தக் கோதுமைத் தாள் பூட்ஸைக் குத்துகிறது, டிடெக்டரின் வட்டத்தகடு ஒவ்வொரு தாளிலும் இடித்துத் தடதடக்கிறது. அடியில் களிமண் வேறு. அரை மணியில் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ சஃபோக் ஒட்டிக்கொண்டது.

நிலக்காரர் அறுபது வயது மனிதர். அண்ணை அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்: விலைபோகும் பொருள் எது கிடைத்தாலும் பாதிப் பாதி, தோண்டிய குழியை மூடியாக வேண்டும், வாயிற்கதவைத் திறந்த மாதிரியே விட்டுப் போகக்கூடாது. வாசலில் எங்களைப் பார்த்ததும், "போன வாரம் டிரெய்லர் கொக்கியில் செருகும் 'பின்' (pin) ஒன்று கீழ் வயலில் விழுந்துவிட்டது, கண்ணில் பட்டால் கொடுங்கள்" என்று கண்ணைச் சிமிட்டினார். எனக்குப் புரியவில்லை. காரணத்தை அண்ணை நடந்துகொண்டே சொன்னார்.

இதே சஃபோக்கில் ஹாக்ஸன் என்று ஒரு ஊர். 1992 நவம்பர் 16ஆம் தேதி அங்கே ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித்தர அவருடைய நண்பர் எரிக் லாஸ் டிடெக்டரோடு போனார். சுத்தியலுக்குப் பதில் ரோமானியப் புதையல் வந்தது. பொன்னும் வெள்ளியுமாக ஏறக்குறைய 15,000 காசுகள், கூடவே பொன் நகைகள், வெள்ளிக் கரண்டிகள். லாஸ் கொஞ்சம் தோண்டியதுமே நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார், தொல்லியலாளர்கள் வந்து மீதியை மண்கட்டியோடு முறையாக எடுத்தார்கள். அரசு கொடுத்த சன்மானம் 17.5 லட்சம் பவுண்ட். சுத்தியலும் அப்புறம் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது! அதிலிருந்து இந்தப் பக்கத்து விவசாயிகள் எதையாவது தொலைத்துவிட்டேன் என்றால் டிடெக்டர்காரர்களுக்கு வாயில் நீர் ஊறும்.

அந்தப் புதையலில் என்னைப் பிடித்து நிறுத்தியது நான்கு மிளகுப் புட்டிகள். ஒன்று பெண்ணின் மார்பளவு உருவமாகச் செய்த வெள்ளிப் புட்டி. அதற்குள் போட்ட மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறியது. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன் நான். அந்த மிளகு போய்ச் சேர்ந்த வீடு இங்கேயிருந்து கார் ஓட்டினால் எட்டிவிடும் தூரத்தில் இருந்திருக்கிறது.

சரி, வயலுக்கு வருவோம். அண்ணையிடம் மைன்லேப் ஈக்வினாக்ஸ் என்ற டிடெக்டர். எனக்கு அவருடைய பழைய காரெட் ஏஸ். வட்டத்தகட்டில் ஓடும் மின்சாரம் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து பதில் காந்தப்புலம் வருகிறது. அந்தப் பதில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்துக் கருவி ஓர் எண்ணைக் காட்டும், ஒரு சத்தம் போடும். இரும்புக்கு உறுமல், வெள்ளிக்கும் செம்புக்கும் கூர்மையான கீச்சு. கேட்க எளிது. ஆனால் துருப்பிடித்து வளைந்த ஆணி வெள்ளி மாதிரியே பாடும். கேன் மூடி வளையமும் மெல்லிய வெள்ளிக் காசும் பக்கத்துப் பக்கத்து எண். முதல் ஒரு மணி நேரத்தில் நான் பதினொரு குழி போட்டேன். கிடைத்தவை: ஆணிகள், வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் நான்கு, அலுமினியத் தாள் கசங்கல், ஒரு ஈயக் குண்டு. ஒவ்வொரு தடவையும் தூரத்தில் இருந்தே சத்தத்தைக் கேட்டு, "உது இரும்பு, விடு தம்பி" என்பார் அண்ணை. நான் விடமாட்டேன். தோண்டினால் இரும்பு.

அவருக்கு அந்த நேரத்தில் 1797ஆம் வருடத்துச் செப்பு பென்னி ஒன்று கிடைத்துவிட்டது. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் ஆலையில் நீராவி இயந்திரத்தால் அடித்த காசு, ஒரு அவுன்ஸ் எடை, உள்ளங்கையில் வைத்தால் கனக்கிறது. சட்டைப்பைக்குள் இரண்டு போட்டால் பை கிழிந்துவிடும், எப்படித்தான் வைத்திருந்தார்களோ.

மதியம் வேலியோரம் உட்கார்ந்தோம். நான் கொண்டுபோன புளியோதரை, அவர் வீட்டு மரக்கறி ரோல்ஸ், ஃப்ளாஸ்க்கில் தேநீர். "இந்தச் சத்தம் எப்படி அண்ணை உங்களுக்குப் பிடித்தது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கை இது கத்தினால் எல்லாரும் பின்னுக்குப் போவினம். இங்கை கத்தினால் ஓடி வருகினம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் முதல் நாள் வந்தனான்" என்றார். அவருடைய குடும்பம் வன்னிக்குத் திரும்பியபோது சொந்தக் காணிக்குள் போக மிதிவெடி அகற்றும் வரை காத்திருந்ததாம். நான் மேலே கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டு மணி வாக்கில்தான் அது. வயலின் மேட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் கீச்சு. குறுக்கே வீசினால் ஒரு எண், நெடுக்கே வீசினால் ஒரு எண், ஆனால் உறுமல் இல்லை. ஸ்பேடை மிதித்து மூன்று பக்கம் வெட்டி மண்ணைப் பணியாரம் திருப்புவதுபோல் புரட்டினேன். குழியில் சத்தம் இல்லை, புரட்டிய கட்டியில் இருந்தது. கட்டியை இரண்டாகப் பிட்டால், களிமண்ணில் ஒரு வட்டமான அச்சு, அச்சின் மறுபாதியில் சாம்பல் நிறத்தில் ஒரு வில்லை. எச்சில் தொட்டுத் தேய்க்கப் போனேன். அதற்குள் ஓடி வந்திருந்த அண்ணை என் கையைத் தட்டிவிட்டார். "தேய்க்காதை! தண்ணியிலை காட்டு." பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் ஒரு முகம் தெரிந்தது. வலப்பக்கம் பார்த்த முகம், தலையில் முத்துக் கோத்த பட்டம், நீண்ட கழுத்து. ஓரமெல்லாம் கத்தரித்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருந்தது.

ரோமானிய வெள்ளிக் காசு. சிலிக்வா என்பார்கள். நான் கத்திய கத்தலில் வேலியில் இருந்த காக்கையெல்லாம் எழும்பிவிட்டது.

இனி சொதப்பல். அண்ணை கேட்டார்: "இடத்தைக் குறிச்சனியோ?" நான் போனில் இரண்டு படம் எடுத்திருந்தேன், அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து "ம்ம்" என்றேன். அவர் கேட்டது வரைபடக் குறியீட்டை. குழியை அழகாக மூடி மிதித்து, நாற்பது மீட்டர் தள்ளி வேறு கீச்சுக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தால், பேட்டரி மிச்சம் பிடிக்க இடப்பதிவை நானே அணைத்து வைத்திருக்கிறேன். எட்டு ஏக்கர் வயல். காசு கையில், எங்கே கிடைத்தது என்பது காற்றில்.

லெஸ்டர் மாமி | ஞாயிறு, இரவு 10:15

அருமை! படிக்கும்போதே கால் வலித்தது. என் பையனுக்குப் பதினொரு வயது, பிறந்தநாளுக்கு டிடெக்டர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் விடலாமா? இன்னொன்று, பழைய காசு கிடைத்தால் அரசாங்கத்திடம் கொடுத்துவிட வேண்டாமா?

இப்ஸ்விச் சோழன் | ஞாயிறு, இரவு 10:50

மாமி, பூங்காவில் வேண்டாம். இந்த நாட்டில் சொந்தக்காரர் இல்லாத நிலமே கிடையாது, பூங்கா என்றால் கவுன்சில். அனுமதி இல்லாமல் இறங்கினால் அத்துமீறல். தேம்ஸ் கரைச் சேற்றில் குனிந்து பொறுக்கக்கூட லண்டன் துறைமுக ஆணையத்தின் சீட்டு வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கும் இடம் என்றால் உரிமையாளர் சரி என்றாலும் போதாது, 1979ஆம் வருடச் சட்டப்படி தனி அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். உங்கள் தோட்டத்தில் பத்துப் பென்ஸைப் புதைத்து வைத்து விளையாட விடுங்கள், முதல் மாதத்துக்கு அது போதும்.

காசு விஷயம்: 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 300 வருடத்துக்கு மேல் பழைய, பொன்னோ வெள்ளியோ பத்து சதவீதமாவது கலந்த பொருள் என்றால் புதையல். 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு, அதாவது கரோனருக்குத் தெரிவிக்க வேண்டும் (பிணத்துக்கும் புதையலுக்கும் ஒரே அதிகாரி, இங்கிலாந்து அப்படித்தான்). ஆனால் காசுக்குத் தனி விதி. பொன், வெள்ளிக் காசு ஒரே இடத்தில் இரண்டாவது இருந்தால்தான் புதையல். செம்பு, வெண்கலம் என்றால் பத்து. ஆக, என் ஒற்றைக் காசு சட்டப்படி புதையல் இல்லை. இருந்தாலும் பதிவு செய்யலாம். 1997இல் தொடங்கிய திட்டம் ஒன்று இருக்கிறது, கண்டெடுத்த பொருள்களைப் பார்த்துப் பதிய மாவட்டந்தோறும் ஓர் அலுவலர். பதினைந்து லட்சத்துக்கும் மேல் பொருள்கள் அதில் ஏறியிருக்கின்றன. படத்தை இப்போதுதான் அனுப்பினேன்.

குழிக்குள் குழி | திங்கள், காலை 7:20

காலையில் நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. நான் தொல்லியல் படித்தவன், அகழாய்வுக் குழியில் இரண்டு பருவம் உட்கார்ந்தவன். நாங்கள் ஒரு மணியை எடுப்பதற்கு முன் அளவு நாடா, மட்டம், படம், வரைபடம் என்று அரை நாள் செலவழிப்போம். நீங்கள் "பணியாரம் திருப்புவதுபோல்" புரட்டி எடுத்திருக்கிறீர்கள், இடமும் தெரியாது என்கிறீர்கள். பொழுதுபோக்கு என்ற பெயரில் நடக்கும் சூறையாடலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஃப்ரோம் புதையல் தெரியுமா? 2010இல் சோமர்செட்டில் டேவ் கிரிஸ்ப் என்ற டிடெக்டர்காரர் ஒரு பெரிய பானையின் வாயைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். தொல்லியலாளர்கள் வந்து அடுக்கு அடுக்காகப் பிரித்தார்கள். 52,503 காசுகள். அதில் கடைசியாக ஆண்ட கராசியஸின் காசுகள் மேலே இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலானவை பானையின் நடுவுக்குக் கீழே கிடந்தன. அதாவது வருடக்கணக்கில் சேர்த்த உண்டியல் இல்லை அது, ஒரே தடவையில் கொட்டியது. அள்ளிச் சாக்கில் போட்டிருந்தால் இந்தச் சங்கதி ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது.

இப்ஸ்விச் சோழன் | திங்கள், மதியம் 1:05

சூறையாடல் என்ற சொல் உறுத்துகிறது, ஆனாலும் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளாத பாதி: நான் தோண்டியது உழுபடை மண், ஒரு சாண் ஆழம்தான். பல தலைமுறைக் கலப்பை புரட்டிய மண்ணில் அடுக்கு என்று எதுவும் மிச்சமில்லை. அதற்குக் கீழே கலையாத மண் வந்தால் நிறுத்த வேண்டும் என்பது அண்ணையின் முதல் பாடம். அந்தக் காசை நான் எடுக்காவிட்டால் உரமும் கலப்பையும் இன்னும் ஐம்பது வருடத்தில் தின்றுவிடும்.

குழிக்குள் குழி | திங்கள், மதியம் 1:40

செங்குத்து அடுக்குதான் போயிற்று. கிடைமட்டம் போகவில்லை. கலப்பை ஒரு காசைக் கொஞ்சம் இழுத்துப் போடும், ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாது. ஸ்டாஃபர்ட்ஷையரில் 2009இல் கிடைத்த ஆங்கிலோ சாக்ஸன் பொன்னும் உழவு மண்ணில் சிதறிக் கிடந்ததுதான். எது எங்கே கிடந்தது என்ற புள்ளிகளைச் சேர்த்தால்தான் புதைத்த இடம் தெரியும். உங்கள் புள்ளி எங்கே?

வன்னிக்காற்று | திங்கள், மாலை 4:30

டொரொன்டோவிலிருந்து. மெட்டல் டிடெக்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு இலங்கையின் வடக்கில் மிதிவெடி நிறைந்திருந்த முகமாலைதான் ஞாபகம் வந்தது. ஹலோ ட்ரஸ்ட் ஆக்களோடு என் மச்சாள் ஒருத்தி மிதிவெடி அகற்றப் போனவ. முழங்காலில் இருந்து ஒரு நாளைக்குச் சில அடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் அடையாளம் வைத்து, அதைச் சுரண்டிப் பார்த்து, ஆணி என்றாலும் பார்த்த பிறகுதான் அடுத்த இடம். இலங்கையில் இதைப் பொழுதுபோக்காகச் செய்ய நினைக்கவும் வேண்டாம், 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கு. புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்ட செய்தி பேப்பரில் அடிக்கடி வரும்.

உங்கள் அண்ணை சொன்ன அந்த ஒரு வசனத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

கொங்குக் காசு | திங்கள், இரவு 8:10

நாணயம் சேர்க்கிறவன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஓரம் கத்தரித்த மாதிரி என்கிறீர்களே, கத்தரித்த மாதிரி இல்லை, கத்தரித்ததேதான். ரோமானியர் ஆட்சி பிரிட்டனைவிட்டுப் போன காலத்தில் புதுக் காசு வரத்து நின்றுவிட்டது. இருந்த காசின் ஓரத்தை வெட்டி, அந்த வெள்ளியைச் சேர்த்து வைத்தார்கள். ஹாக்ஸன் வெள்ளிக் காசுகளில் அநேகமாக எல்லாமே இப்படித்தான். ஆனால் மன்னன் முகத்தில் கத்தரி படாது. எழுத்துத்தான் போகும்.

எங்கள் பக்கம் கதையே வேறு. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்குவதை ஒரு தொழிலாகவே செய்தவர்கள் உண்டு. சங்ககாலச் சேரர் காசும் ரோமானியக் காசும் அப்படித்தான் கைக்கு வந்தன. என்னிடம் இருக்கும் இரண்டுக்கும் ஊர் "கரூர்" என்று மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆற்றின் எந்த வளைவு, எவ்வளவு ஆழம்? விற்றவருக்கே தெரியாது. குழிக்குள் குழி தம்பி என்னையும் திட்டலாம்.

புதுக்கோட்டைப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரு பானையில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் மேலேயே உளி வெட்டு. இங்கிலாந்தில் முகத்தை விட்டுவிட்டு ஓரத்தை வெட்டினார்கள், இங்கே முகத்தை வெட்டினார்கள்! வேண்டாத காசைப் புழக்கத்தில் இருந்து எடுக்க வெட்டினார்கள் என்பார்கள்.

நம் நாட்டில் 1878ஆம் வருடச் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் இருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து ரூபாய்! இன்றைக்கு ஒரு டீ வராது.

குளச்சல்காரன் | செவ்வாய், காலை 6:05

சோழரே, அந்த இரண்டு படத்திலும் காசுக்குப் பின்னால் என்ன தெரிகிறது?

இப்ஸ்விச் சோழன் | செவ்வாய், காலை 8:30

முதல் படத்தில் என் உள்ளங்கை, அதற்குப் பின்னால் வயலோரத்து ஓக் மரம், மரத்தின் வலப்பக்கம் தேவாலயக் கோபுரத்தின் பாதி எட்டிப் பார்க்கிறது. இரண்டாவது படம் அண்ணை ஓடி வந்தபோது வேறு பக்கம் திரும்பி எடுத்தது. அவருக்குப் பின்னால் வேலியில் வாயிற்கதவு, கதவின் இடப்பக்கத் தூணுக்கு நேர் மேலே தூரத்தில் ஒரு மின்கோபுரம். ஏன்?

குளச்சல்காரன் | செவ்வாய், காலை 8:45

அப்புறம் ஏன் ஓய் கவலைப்படுகிறீர்? எங்கள் அப்பா நடுக்கடலில் மீன் இருக்கும் பாரை, அதாவது கடலடிப் பாறையை, கண்டுபிடிப்பது இப்படித்தான், ஜிபிஎஸ் எல்லாம் நேற்று வந்தது. ஒரு பக்கம் கோயில் கோபுரமும் அதன் பின்னால் மலைமுடியும் ஒரே நேரில் வர வேண்டும். இன்னொரு பக்கம் பனையும் வேறொரு மலையும் ஒரே நேரில் வர வேண்டும். இரண்டும் ஒன்றாக நேர்படும் இடத்தில் வலையை இறக்குவார். கரை மரத்தை யாராவது வெட்டிவிட்டால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி.

உமக்கு இரண்டு நேர் இருக்கிறது. ஒன்று கோபுரம்-ஓக், மற்றது மின்கோபுரம்-கதவுத் தூண். படத்தை எடுத்துக்கொண்டு போய் நில்லும். முதல் நேர் கிடைக்கும்வரை இடம் வலமாக நகரும். கிடைத்ததும் அந்தக் கோட்டை விட்டு விலகாமல் முன்னே பின்னே நடந்து இரண்டாவதைப் பிடியும்.

குழிக்குள் குழி | செவ்வாய், காலை 9:10

இது சரியான யோசனை. போனில் பெரிதாக்கும் வசதியைத் தொடாமல், அதே உயரத்தில் பிடித்துப் பாருங்கள். தூரத்துப் பொருளும் பக்கத்துப் பொருளும் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம் வரும். (நேற்றுக் கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன். காலைக் காபி குடிக்கவில்லை.)

இப்ஸ்விச் சோழன் | வியாழன், இரவு 9:00

அலுவலர் பதில் போட்டுவிட்டார். பேரரசர் வாலென்ஸ், கி.பி. 364 முதல் 378 வரை. பின்பக்கம் ரோமாபுரி தேவி உட்கார்ந்த உருவம், ஜெர்மனியின் ட்ரியர் நகரத்து அக்கசாலையில் அடித்தது. நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கடைசி வரி: "கிடைத்த இடத்தின் குறியீட்டை எட்டு இலக்கத்திலாவது தர முடியுமா? இந்தப் பகுதியில் இப்படி ஒற்றையாக வரும் சிலிக்வா சில நேரம் கலைந்த புதையலின் நுனியாக இருக்கும்."

எட்டு இலக்கம் என்றால் பத்து மீட்டர் சதுரம். அண்ணையிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சனிக்கிழமை லீவு போடுறன்" என்று மட்டும் சொன்னார்.

லெஸ்டர் மாமி | வியாழன், இரவு 9:20

பக்கத்தில் இன்னொன்று கிடைத்தால் புதையல் ஆகிவிடுமே! அப்போது சொல்லாமல் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று என் பையன் கேட்கிறான். நான் இல்லை, பையன்.

கொங்குக் காசு | வியாழன், இரவு 9:45

பையனிடம் ஹெர்ஃபோர்ட்ஷையர் கதையைச் சொல்லுங்கள் மாமி. 2015இல் இரண்டு பேர் வைக்கிங் காலப் புதையலைக் கண்டெடுத்து, சொல்லாமல் காசுகளை விற்றார்கள். முந்நூறு வரை இருந்திருக்கலாம் என்று கணக்கு, மீட்டது ஏறக்குறைய முப்பதுதான். 2019இல் ஒருவருக்குப் பத்து வருடம், மற்றவருக்கு எட்டரை வருடம். மேல்முறையீட்டில் குறைத்தார்கள். ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நிலக்காரரோடு பங்கு போட்டுக்கொண்டு பெரிய பணக்காரர்கள் ஆகியிருப்பார்கள்.

இப்ஸ்விச் சோழன் | சனி, இரவு 8:30

குளச்சல்காரரே, உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு.

முதலில் கோபுரம் ஓக்குக்குப் பின்னால் முழுசாக மறைந்திருந்தது. பக்கவாட்டில் பத்தடி நகர்ந்தேன், ஒரு ஓரம் எட்டிப் பார்த்தது. இன்னும் நாலடி, படத்தில் இருந்த அதே பாதி. அந்தக் கோட்டிலேயே பின்னோக்கி நடந்தேன். அண்ணை என் முதுகுப் பக்கம் நின்று மின்கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னும், இன்னும், கொஞ்சம் வா, நில்!" என்றார். மணமேடையில் நலுங்குக்கு உட்கார வைப்பதுபோல் இருந்தது.

நின்ற இடத்தில் குழி எதுவும் தெரியவில்லை. நான்தான் அழகாக மூடியிருந்தேனே. முழங்காலிட்டுத் தாளை விலக்கிப் பார்த்தோம். என் காலில் இருந்து மூன்று எட்டுத் தள்ளி, மற்றதெல்லாம் விறைத்து நிற்க, நாலைந்து தாள் மட்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. அதன் ஓரம் ஸ்பேடு வெட்டிய நேர்கோடு, மழையில் கொஞ்சம் வாய் திறந்து. அதேதான்.

அண்ணை குறியீட்டை எடுத்து, என் கையில் பேனாவைக் கொடுத்து, என்னையே நோட்டில் எழுத வைத்தார். பத்து இலக்கம், ஒரு மீட்டர் கணக்கு. பிறகு அந்த இடத்தைச் சுற்றிப் பத்து மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, ஒரு அடி விடாமல் வீசினோம். முதல் அரை மணி ஒன்றும் இல்லை. அப்புறம் எனக்கு ஒரு பெரிய சத்தம். பெரியது என்றால், ஹெட்போனைக் கழற்றும் அளவுக்கு. பானைதான் என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணைக்கும் முகம் மாறியது. கையால் மண்ணைத் தள்ளினோம், ஸ்பேடு வேண்டாம் என்றார். நான்கு விரல் ஆழத்தில் கறுப்பாக, உருண்டையாக, கிரீஸ் வாடையோடு வந்தது நிலக்காரரின் டிரெய்லர் பின்.

சிரித்து முடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான், சிலிக்வா குழியிலிருந்து ஆறு மீட்டரில், அண்ணைக்கு ஒரு சின்ன வெண்கலக் காசு. பச்சை பிடித்து, மிளகாய் விதை மாதிரி ஓரம் தேய்ந்தது. இரண்டு வீரர்கள் நடுவில் கொடிக்கம்பத்தோடு நிற்பது மங்கலாகத் தெரிகிறது, கான்ஸ்டன்டைன் குடும்பக் காலம் போல. 330களில் அடித்தது என்றால் என் வாலென்ஸுக்கு இருபத்தைந்து வருடமாவது மூத்தது. வெண்கலம் என்பதால் சட்டப்படி புதையல் கணக்கில் சேராது. ஆனால் இப்போது நோட்டில் இரண்டு புள்ளி இருக்கிறது. இரண்டையும் அலுவலருக்கு அனுப்பியாயிற்று.

நிலக்காரரிடம் மூன்றையும் காட்டினோம். காசுகளை ஒரு தடவை பார்த்தார். பின்னைக் கையில் வாங்கி, காற்சட்டையில் துடைத்து, இரண்டு தடவை பார்த்தார். "வியாழக்கிழமை விதைக்கிறேன்" என்றார். இனி அறுவடை முடியும்வரை அந்த வயலில் கால் வைக்க முடியாது.

குழிக்குள் குழி | சனி, இரவு 8:50

நலுங்கு, கயிறு, நோட்டு. எங்கள் குழியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, வருகிறீர்களா?

குளச்சல்காரன் | சனி, இரவு 9:05

அந்த ஓக் மரத்தை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

லெஸ்டர் மாமி | சனி, இரவு 9:30

பையன் தோட்டத்தில் பத்துப் பென்ஸைக் கண்டுபிடித்துவிட்டான். ஆறு குழி, ஒரு ரோஜாச் செடி காலி. அடுத்த ஆகஸ்டில் இந்த இழையைத் தூசி தட்ட மறக்காதீர்கள்.